மண்டை உடைஞ்சிருக்கா என்று கேட்காதீர்கள்

சி.டி. ஸ்கேன் அறைக்கு வெளியே நிற்கும் சொந்தக்காரர்கள் முதலில் கேட்பது எப்போதும் ஒன்றுதான். "தம்பி, மண்டை ஓடு உடைஞ்சிருக்கா?" ரிங் ரோட்டில் லாரி உரசி விழுந்தவராக இருக்கட்டும், மேலூர்ப் பக்கம் தென்னை மரத்திலிருந்து விழுந்தவராக இருக்கட்டும், தை மாதத்தில் வாடிவாசலுக்கு முன்னால் மாடு தூக்கி எறிந்த பையனாக இருக்கட்டும், கேள்வி மாறாது. இல்லை என்று எங்கிருந்தாவது காதில் விழுந்துவிட்டால் போதும், உடனே ஊருக்குப் போன் போடுவார்கள். "ஒண்ணுமில்லயாம், எலும்பு நல்லாருக்காம்."

நான் மதுரையில் ஒரு ஸ்கேன் சென்டரில் டெக்னீஷியன். ரிசல்ட் சொல்வது என் வேலை இல்லை, சொல்லவும் கூடாது, அது ரேடியாலஜி டாக்டர் எழுத வேண்டியது. ஆனால் ராத்திரி நேரத்தில் ரிப்போர்ட் வரும்வரை அவர்கள் என் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்போது வாயைத் திறந்து சொல்ல முடியாததை இங்கே எழுதிவிடுகிறேன். எலும்பு உடைந்ததா என்பது இரண்டாவது கேள்வி, பல நேரம் மூன்றாவது கேள்வி. சில சமயம் மண்டை ஓடு உடையாமல் முழுசாக இருப்பதே ஆளைக் கொன்றுவிடும்.

"எக்ஸ்ரே போதாதாண்ணே, சி.டி. எதுக்கு?" என்பது அடுத்து வரும் கேள்வி. காசு சம்பந்தப்பட்டது, கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஒரு காலத்தில் தலையில் அடி என்றால் மண்டை எக்ஸ்ரேதான் எடுப்பார்கள். அதில் எலும்பு தெரியும், விரிசல் தெரியும், உள்ளே கசியும் ரத்தம் தெரியாது. விரிசல் விழுந்தும் உள்ளே ஒன்றுமே ஆகாதவர்கள் உண்டு, விரிசலே இல்லாமல் உள்ளே ரத்தம் கட்டியவர்களும் உண்டு. நேர்கோட்டில் ஓடும் சாதாரண விரிசலுக்குப் பெரும்பாலும் தனியாக வைத்தியமே கிடையாது, தானாகக் கூடிவிடும். "மண்டைக்கு மாவுக்கட்டு எப்படிப் போடுவீங்க?" என்று திருமங்கலத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர் உண்மையான கவலையோடு கேட்டார். போட மாட்டாங்க அய்யா, அது பாட்டுக்கு ஒட்டிக்கும் என்றேன். அவர் நம்பவில்லை. எலும்புக் கட்டுப் போடும் புத்தூருக்குக் கூட்டிப் போய்ப் பார்ப்போமா என்று மகனிடம் மெதுவாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

சரி, மண்டை ஓடு என்ற அந்தப் பெட்டிக்குள் என்னதான் இருக்கிறது?

மண்டை ஓடு என்று ஒருமையில் சொல்கிறோமே தவிர, அது 22 எலும்புகள். மூளையைச் சுற்றி 8, முகத்துக்கு 14. காதுக்குள் இருக்கும் பொடி எலும்புகள் ஆறும் தனிக் கணக்கு. கீழ்த்தாடை மட்டும்தான் அசையும், மற்றவை வளைந்து நெளிந்த தையல் கோடுகளில் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நிற்கும். நெற்றிக்கு ஒன்று, உச்சியின் இரு பக்கமும் ஒவ்வொன்று, காதைச் சுற்றிப் பொட்டெலும்பு இரண்டு, பின்னால் பிடரி எலும்பு ஒன்று. இந்த ஆறையும் நீங்களே தடவிப் பார்த்துக்கொள்ளலாம். மீதி இரண்டான ஸ்பீனாய்டும் எத்மாய்டும் பெரும்பாலும் உள்ளே மறைந்திருப்பவை. ஊரில் பெரியவர்கள் இந்தத் தையல் கோடுகளைத்தான் பிரமன் எழுதி வைத்த எழுத்து என்பார்கள். வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு அவை வேறு விதத்தில் தலைவிதி, தையலை விரிசல் என்றும் விரிசலைத் தையல் என்றும் குழப்பிக்கொள்வார்கள். விரிசல் நேராக, கறுப்பாக, ஓரம் கூர்மையாக ஓடும். தையல் நெளிந்து நெளிந்து போகும், வலப்பக்கம் இருந்தால் இடப்பக்கமும் ஏறக்குறைய அதே இடத்தில் இருக்கும். இதிலும் ஒரு வம்பு உண்டு. சிலருக்குப் பின்மண்டைத் தையலுக்கு நடுவில் தனித்தனியாகக் குட்டி எலும்புகள் இருக்கும், அது பிறவியிலேயே வந்தது. அதைச் சிதறிய எலும்பு என்று நினைத்து யாரும் பதற வேண்டியதில்லை.

டிப்ளமோ படிக்கும்போதுதான் நிஜ மண்டை ஓட்டை முதன்முதலாகக் கையில் வாங்கினேன். பழுப்பேறிய எலும்பு, நினைத்ததைவிட எடை குறைவு. நெற்றிக்கு மேலே சுற்றிலும் ரம்பத்தால் அறுத்து, மூடியைக் கழற்றி மாட்டப் பக்கவாட்டில் கொக்கி வைத்திருந்தார்கள். கீழ்த்தாடைக்கு இரண்டு பக்கமும் ஸ்பிரிங். மருத்துவம் படிப்பவர்களிடம் சீனியர் கையிலிருந்து ஜூனியர் கைக்கு விலை பேசி மாறிக்கொண்டே இருக்கும் எலும்பு செட்டில் இருந்து வந்தது அது. ஒரு காலத்தில் உலகத்து மருத்துவக் கல்லூரிகளுக்கு எலும்புக்கூடு பெருமளவில் இந்தியாவிலிருந்துதான் போனது, கல்கத்தா அதற்குப் பெரிய சந்தை. 1985-இல் மனித எலும்பு ஏற்றுமதிக்கு மத்திய அரசு தடை போட்டது. இப்போது பல இடங்களில் பிளாஸ்டிக் மாதிரிதான். பிளாஸ்டிக்கில் துளைகள் எல்லாம் சரியான இடத்தில் இருக்கும், ஆனால் எலும்பின் மெல்லிசு தெரியாது. நிஜ மண்டை ஓட்டில் கண்குழியின் கூரையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் ஒளி ஊடுருவும். மூளையின் முன்பகுதி உட்கார்ந்திருக்கும் தரை அவ்வளவு மெல்லிசு.

மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தால்தான் விஷயம் புரியும். மூடியின் உட்புறம் ஓரளவு வழவழப்பு. நடுக்கோட்டில் பெரிய ரத்தநாளம் ஓடிய வாய்க்கால், அதை ஒட்டிச் சின்னச் சின்னக் குழிகள், வயது ஏற ஏற இந்தக் குழிகளும் கூடும். பக்கவாட்டில் கிளை கிளையாகப் பிரியும் பள்ளம் ஒன்று இருக்கும், அதற்கு அப்புறம் வருவோம். அடிப்பாகமோ வேறு உலகம். முன்னிருந்து பின்னாகப் போகப் போக ஆழமாகிக்கொண்டே போகும் மூன்று படிகள். மேல்படியில் நெற்றிப்பக்கத்து மூளை, நடுப்படியில் பொட்டுப்பக்கத்து மூளை, கடைசிப் பள்ளத்தில் சிறுமூளையும் மூளைத்தண்டும். ஒரு படிக்கும் அடுத்ததற்கும் நடுவே எலும்பு கூர்மையான விளிம்பாக எழுந்து நிற்கும். தரையும் மேடு பள்ளம், கையில் தடவினால் கரடுமுரடாக இருக்கும். இவ்வளவு மெத்தென்ற மூளையை இவ்வளவு கரடான தரையில் யார் வைத்தது என்று எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

வைத்ததற்குத் தோதாக ஓர் ஏற்பாடும் இருக்கிறது. மூளை அந்தத் தரையில் உட்காரவில்லை, தண்ணீரில் மிதக்கிறது. சுமார் 1400 கிராம் எடை உள்ள மூளை, அதைச் சுற்றியுள்ள நீரில் மிதக்கும்போது வெறும் 50 கிராம் அளவுக்குத்தான் கனக்கும். அந்த நீர் ஒரு நேரத்தில் இருப்பது 150 மில்லி வாக்கில், ஆனால் ஒரு நாளைக்குச் சுரப்பது 500 மில்லி. அதாவது பகலும் இரவுமாக மூன்று நான்கு முறை பழசு போய்ப் புதுசு வருகிறது.

அடித்தரை முழுக்கத் துளைகள். பார்வை நரம்பு போக ஒரு குழாய், கண்ணை உருட்டும் நரம்புகள் போக ஒரு பிளவு, முகத்தின் உணர்ச்சிக்கு, தாடைக்கு, நாக்குக்குத் தனித்தனி வழி. மூளைக்கு ரத்தம் கொண்டுவரும் பெரிய குழாய் நேராக ஏறாது, எலும்புக்குள்ளேயே வளைந்து வளைந்து ஏறும். நடுவில் சேணம் மாதிரி ஒரு மேடை, துருக்கிச் சேணம் என்றே அதற்குப் பெயர், அதில் பயறு அளவு பிட்யூட்டரி சுரப்பி. எல்லாவற்றுக்கும் பின்னால் முதுகுத்தண்டுக்கு இறங்கும் பெரிய துவாரம், முன்பின்னாக சுமார் 35 மில்லிமீட்டர். பெட்டியில் பெரிய வாசல் என்று சொன்னால் இது ஒன்றுதான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நடுப்படிக்கும் கடைசிப் பள்ளத்துக்கும் இடையில் நிற்கும் அந்த விளிம்பு பொட்டெலும்பின் உள்பாகம், உடம்பிலேயே கெட்டியான எலும்புகளில் ஒன்று. கேட்கும் கருவி முழுக்க அதற்குள்தான் புதைந்திருக்கிறது. குழந்தை பிறக்கும்போதே உள்காது பெரியவர்கள் அளவுக்கு வளர்ந்து முடிந்துவிடும், அப்புறம் ஆயுசுக்கும் பெரிதாகாது. மண்ணுக்குள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கிடந்தாலும் மரபணு மிச்சம் இருப்பது பெரும்பாலும் இந்த எலும்பில்தான் என்பதால், பழைய மரபணு ஆராய்ச்சி செய்கிறவர்கள் முதலில் தேடுவதே இதைத்தான். நம் பக்கத்திலேயே கீழடியிலிருந்து கூப்பிடு தூரத்தில் கொந்தகை ஈமக்காடு இருக்கிறதே, அங்கே தாழிகளில் கிடைத்த இரண்டு மண்டை ஓடுகளின் ஸ்கேனை வைத்து, காமராசர் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து, ஏறத்தாழ 2500 ஆண்டுகளுக்கு முந்தைய இரண்டு ஆண்களின் முகத்தை உருவாக்கி 2025-இல் வெளியிட்டார்கள். எல்லாரும் மூக்கைப் பற்றியும் நிறத்தைப் பற்றியும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் பார்த்தது பொட்டுப்பக்கத்தை. தொழில் புத்தி, என்ன செய்வது.

இப்போது அடி விழும்போது நடப்பதைப் பார்ப்போம். ஒருவர் பின்மண்டை தரையில் மோத விழுகிறார் என்று வையுங்கள். பாத்ரூமில் வழுக்கி விழுந்தவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் வருவார்கள். வீக்கம் பின்னால் இருக்கும், தையல் பின்னால் போட்டிருப்பார்கள். ஸ்கேனில் பார்த்தால் மூளைக்காயம் முன்னால் இருக்கும், நெற்றிக்குப் பின்பக்கம், பொட்டுப்பக்கத்து மூளையின் நுனியில். தலை சட்டென்று நின்றுவிட்டது, உள்ளே மிதக்கும் மூளை நிற்கவில்லை, முன்படியின் கரட்டுத் தரையிலும் விளிம்பிலும் உரசிவிட்டது. எலும்பில் ஒரு கீறல்கூட இருக்காது. "அடிபட்டது பின்னாடி, நீங்க முன்னாடி ரத்தம்கிறீங்க, வேற ஆளு ஸ்கேனை மாத்திட்டீங்களா?" என்று டாக்டரிடமே சண்டைக்குப் போனவர்கள் உண்டு.

இன்னொரு சேதம் ஸ்கேனில் தெரியவே தெரியாது. முன்படியின் நடுவில், மூக்குக்கு நேர் மேலே எலும்பு சல்லடையாக இருக்கும். வாசனை நரம்பின் இழைகள் ஒவ்வொரு பக்கமும் இருபது வாக்கில் அந்தத் துளைகள் வழியாகத்தான் மூக்கிலிருந்து மேலே ஏறுகின்றன. மூளை முன்னும் பின்னுமாக ஆடும்போது இந்த இழைகள் அறுந்துபோகும். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகை மூட்டை இறக்கும் ஒருவர் விபத்துக்குப் பிறகு மறுபரிசோதனைக்கு வந்திருந்தார். நடை, பேச்சு, ஞாபகம் எல்லாம் பழையபடி. போகிற போக்கில், "பூவுல வாசமே இல்லாமப் போச்சு தம்பி, மருந்து அடிக்கிறாய்ங்க போல" என்றார். பக்கத்தில் நின்ற அவர் மனைவி, "இவருக்குத்தான் வாசம் தெரியல, குழம்பு அடிப்பிடிச்சாக்கூடத் தெரியல" என்று என்னிடம் தனியாகச் சொன்னார். டாக்டரிடம் இதைச் சொல்லுங்கள் என்று திருப்பி அனுப்பினேன். வாசனை போனதை யாரும் ஒரு காயமாகவே கணக்கில் எடுப்பதில்லை. சிலருக்குக் கொஞ்சம் திரும்பி வரும், பலருக்கு வராது. சமையல் கேஸ் கசிந்தாலும் தெரியாது என்பதை வீட்டில் இருப்பவர்கள் மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

அடித்தளத்தில் விரிசல் விழுந்தால் வேறு மாதிரி. மூக்கிலிருந்தோ காதிலிருந்தோ தெளிந்த நீர் சொட்டும், அது சளி இல்லை, மூளையைச் சுற்றியிருந்த நீர். இரண்டு கண்ணையும் சுற்றிக் கறுப்பாக ரத்தம் கட்டும், அல்லது காதுக்குப் பின்னால் நீலம் பாயும். மெல்லிய விரிசல் ஸ்கேனில் சில சமயம் கண்ணில் படாது. ஆனால் மூளைக்குப் பக்கத்தில் பொட்டுப் பொட்டாகக் கறுப்புப் புள்ளி தெரிந்தால் அது காற்று. மண்டைக்குள் காற்றுக்கு வேலை இல்லை. எங்கேயோ வழி திறந்திருக்கிறது என்று அர்த்தம்.

கறுப்பு, வெள்ளை என்கிறேனே, அதற்கு அளவு இருக்கிறது. காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற ஆங்கிலேய இன்ஜினியர், இசைத்தட்டு விற்ற இ.எம்.ஐ. கம்பெனியில் வேலை பார்த்தவர், இந்த மெஷினை உண்டாக்கினார். 1971 அக்டோபர் 1-ஆம் தேதி லண்டனில் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் முதல் நோயாளியைப் படம் எடுத்தார்கள். எடுத்தது தலையைத்தான், ஆரம்பகால மெஷினுக்குள் தலை மட்டும்தான் போகும். 1979-இல் ஆலன் கார்மாக்கோடு சேர்ந்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் பேரிலேயே அளவு, எண் கூடக் கூட வெளுப்பு: தண்ணீர் 0, காற்று -1000, மூளை 30, 40 என்ற அளவில், புதிதாக உறைந்த ரத்தம் 60, 70 வாக்கில், கெட்டி எலும்பு ஆயிரத்தை ஒட்டி. மூளைக்கும் ரத்தத்துக்கும் இந்தச் சின்ன வித்தியாசத்தைப் பிடிக்க முடிந்ததுதான் பெரிய காரியம். ஒரே ஸ்கேனை, மூளை தெளிவாகத் தெரியும்படி திரையை அமைத்த பிரைன் விண்டோவில் பார்த்தால் ரத்தம் வெள்ளையாகத் தெரியும், போன் விண்டோவுக்கு மாற்றினால் மூளை மங்கிப்போய் எலும்பு துல்லியமாக வரும். தலைக்காயத்தில் டாக்டர்கள் முதலில் தேடுவது பிரைன் விண்டோவில்தான். சொந்தக்காரர்கள் கேட்பதோ போன் விண்டோவை.

பொட்டுக்கு வருவோம். பிள்ளைகளை அடிக்கும்போதுகூட "பொட்டுல அடிக்காத" என்று ஆத்தாக்கள் கத்துவார்களே, அதில் முழு அனாட்டமியும் அடங்கியிருக்கிறது. உச்சியில் மண்டை ஓடு 6, 7 மில்லிமீட்டர் கனம், வெளியே ஒரு தகடு, உள்ளே ஒரு தகடு, நடுவில் பஞ்சு எலும்பு. பொட்டில் அது 2, 3 மில்லிமீட்டருக்கு மெலிந்துவிடும். நெற்றி, உச்சி, பொட்டு, ஸ்பீனாய்டு என நான்கு எலும்புகள் சந்திக்கும் இடமும் அதுதான். இதற்கு நேர் உள்ளே, மூடியின் உட்புறம் பார்த்த அந்தக் கிளைப் பள்ளத்தில், மிடில் மெனிஞ்சியல் என்ற தமனி ஓடுகிறது. அடித்தரையில் ஊசி நுழையும் அளவுத் துளை ஒன்றின் வழியாக ஏறி, எலும்பை ஒட்டியே போகும். மெல்லிய எலும்பில் விரிசல் விழுந்தால் தமனி கிழியும். எலும்புக்கும், மூளையைப் போர்த்திய டியூரா என்ற தடித்த உறைக்கும் நடுவே ரத்தம் பீச்சி, உறையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டு போகும். டியூரா தையல் கோடுகளில் இறுக ஒட்டியிருப்பதால் ரத்தம் பொதுவாக அங்கே நின்றுவிடும், பரவ இடமில்லாமல் உள்பக்கமாகப் புடைக்கும். படத்தில் இருபுறமும் புடைத்த வில்லை வடிவம். ஈ.டி.எச். (எக்ஸ்ட்ராடியூரல் ஹெமடோமா) என்று சொல்வது இதைத்தான்.

இதன் கதை பல நேரம் ஒரே மாதிரி இருக்கும். பையன் பைக்கிலிருந்து விழுந்தான், ஒரு நிமிடம் மயக்கம், அப்புறம் எழுந்துவிட்டான். தண்ணீர் குடித்தான், டீ குடித்தான், எதிரே வந்தவனோடு சண்டைகூடப் போட்டான். "நல்லாத்தான் பேசிக்கிட்டிருந்தான் சார்." ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துத் தலைவலி கூடுகிறது, வாந்தி, தூக்கம், எழுப்பினால் எழவில்லை. நடுவில் வரும் இந்த நல்ல நேரம்தான் குடும்பத்தை ஏமாற்றிவிடுகிறது.

ஏன் இப்படி நடக்கிறது என்பதை ஸ்காட்லாந்துக்காரர்கள் இரண்டு பேர் எப்போதோ சொல்லிவிட்டார்கள். 1783-இல் அலெக்சாண்டர் மன்ரோ, 1824-இல் ஜார்ஜ் கெல்லி. மண்டை ஓடு விரியாத பெட்டி. உள்ளே இருப்பவை மூன்றே: மூளை சுமார் 80 சதவீதம், ரத்தம் 10, நீர் 10. ஒன்று கூடினால் இன்னொன்று குறைந்தே ஆக வேண்டும். ரத்தக்கட்டு வளரும்போது முதலில் நீர் முதுகுத்தண்டுப் பக்கம் ஒதுங்கிக்கொள்ளும், சிரைகளில் உள்ள ரத்தம் வெளியே பிதுங்கும், அதுவரை அழுத்தம் பெரிதாக ஏறாது, ஆளும் தெளிவாகப் பேசிக்கொண்டிருப்பார். விட்டுக்கொடுக்க இருந்த இடம் தீர்ந்ததும் அடுத்த சில மில்லிக்கே அழுத்தம் எகிறும். டீ குடித்தவன் படுத்துவிடுவது அந்த இடத்தில்தான். ஈ.டி.எச். 30 மில்லியைத் தாண்டினால் ஆள் தெளிவாக இருந்தாலும் ஆபரேஷன் செய்து எடுத்துவிட வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல். 30 மில்லி என்பது இருமல் மருந்து பாட்டிலோடு வரும் பத்து மில்லி மூடியில் மூன்று மூடி.

அழுத்தம் ஏறினால் மூளை எங்கேயாவது போகப் பார்க்கும். பெருமூளைக்கும் சிறுமூளைக்கும் நடுவே டியூராவே ஒரு கூடாரமாக விரிந்திருக்கிறது, அதன் நடுவில் மூளைத்தண்டு இறங்க ஓர் இடைவெளி. பொட்டுப்பக்கத்து மூளை அந்த இடைவெளிக்குள் பிதுங்கும்போது, ஓரத்தில் போகும் கண் நரம்பை நசுக்கும். பெரும்பாலும் அடிபட்ட பக்கத்துக் கண்மணியே விரிந்து, வெளிச்சம் பட்டாலும் சுருங்காமல் நிற்கும். டியூட்டி டாக்டர் வந்தவுடன் கண்ணில் டார்ச் அடித்துப் பார்ப்பது இதற்காக. "மண்டையில அடிபட்டவனுக்குக் கண்ணைப் பார்த்து நேரத்தைப் போக்குறாங்க" என்று வராந்தாவில் ஒருவர் கத்திக்கொண்டிருந்தார். இன்னும் அழுத்தம் ஏறினால் மிச்சம் இருப்பது அந்தப் பெரிய துவாரம். சிறுமூளையின் அடி அதற்குள் இறங்கி மூளைத்தண்டை நெரிக்கும், மூச்சு நின்றுபோகும். ஒரு விரிசலைத் தவிர பெட்டி அப்போதும் முழுசாகத்தான் இருக்கும்.

அதே ரத்தம் எல்லா வயதிலும் ஒரே வேலையைச் செய்வதில்லை. கைக்குழந்தைக்குப் பெட்டி இன்னும் மூடவே இல்லை. தையல்கள் இளக்கமாக இருக்கும், உச்சிக்குழி ஒன்றரை வயது வாக்கில்தான் மூடும், சிலருக்கு இரண்டு வயதும் ஆகும். பிறக்கும்போது 350, 400 கிராம் இருக்கும் மூளை ஒரு வயதுக்குள் இரண்டு மடங்குக்கு மேல் வளர்கிறது, மூடியிருந்தால் எங்கே போகும்? உச்சிக்குழியில் எண்ணெய் வைக்கிற பாட்டிகளுக்கு அது துடிப்பது தெரியும், பேதியில் குழி விழுவதும் தெரியும். அழாமல் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு அது புடைத்து விறைப்பாக இருந்தால்தான் ஓட வேண்டும். குழந்தைக்கு அழுத்தம் கூடினால் தலையே பெரிதாகும், பெட்டி விட்டுக்கொடுக்கிறது. இளவட்டப் பையனுக்குத்தான் பெட்டி முழுக்க மூளை, ஒதுங்க இடமே இல்லை. பெரியவர்களுக்கு மூளை சுருங்கிக் கொஞ்சம் இடம் கிடைக்கும், அதிலும் ஒரு வில்லங்கம். சுருங்கிய மூளைக்கும் டியூராவுக்கும் நடுவே சிரைகள் இழுபட்டு நிற்கும், வாசல் நிலையில் லேசாக இடித்துக்கொண்டாலே கிழியும், ரத்தம் மெல்லப் பிறைவடிவில் சேரும். இரண்டு மூன்று வாரம் கழித்து, "அப்பா ஒரு மாதிரி இருக்காரு, கால் இழுக்குது, வயசாயிருச்சுல்ல" என்று கூட்டி வருவார்கள். அடிபட்டதா என்றால் இல்லை என்பார்கள், இடித்ததே மறந்திருக்கும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பழைய ரத்தம் படத்தில் வெள்ளையாக இராது, ஒரு கட்டத்தில் மூளையின் நிறத்துக்கே வந்து கண்ணை ஏமாற்றும். ஆனால் வைத்தியம் எளிது, பெரும்பாலும் மண்டையில் ஒன்றிரண்டு துளை போட்டு வடித்துவிடுவார்கள், ஆள் மளமளவென்று தேறுவார்.

பெட்டியைத் திறப்பது நம் கதைகளுக்குப் புதிதில்லை. மன்னன் ஒருவனின் தலைக்குள் புகுந்த தேரையை எடுக்க அகத்தியர் கபாலத்தைத் திறந்தாராம், எப்படி எடுப்பது என்று திகைத்தபோது சீடன் தண்ணீர்க் கிண்ணத்தைக் காட்ட, தேரை தானாகத் துள்ளி அதில் விழுந்ததாம், சீடனுக்குத் தேரையர் என்று பெயர் வந்ததாம். இன்றைக்கு நியூரோ சர்ஜன்கள் திறப்பது எதையும் எடுக்கவே வேண்டாம் என்ற நிலையிலும்தான். மூளை மொத்தமாக வீங்கிவிட்டால் ஒரு பக்கத்து எலும்பை உள்ளங்கை அகலத்துக்கு மேல் எடுத்துவிட்டு, டியூராவைத் தளர்த்தி, மேலே தோலை மட்டும் தைத்துவிடுவார்கள். வீங்க இடம் கொடுக்கிறார்கள். எடுத்த எலும்பை நம் ஊர்களில் பல நேரம் நோயாளியின் வயிற்றுத் தோலுக்கு அடியில், கொழுப்பில் வைத்துத் தைப்பார்கள், கெடாமல் அங்கேயே இருக்கும். தலைக்கட்டின் மேல் "எலும்பு இல்லை" என்று எழுதியிருக்கும், தூக்கும்போது அந்தப் பக்கம் யாரும் கை வைத்துவிடக் கூடாது. வயிற்று வலி என்று வேறு எதற்கோ ஸ்கேனுக்கு வந்தவருக்கு, தொப்புளுக்குப் பக்கத்தில் வளைந்த எலும்பு ஒன்று பளிச்சென்று வந்து, புதிதாகச் சேர்ந்த பெண் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். வீக்கம் வடிந்து சில மாதம் கழித்து அதையே திரும்பப் பொருத்துவார்கள், எலும்பு கரைந்துபோயிருந்தால் டைட்டானியம் வலையோ செயற்கைத் தகடோ.

ஹெல்மெட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எலும்பு உடையாமல் காப்பது அதன் சின்ன வேலை. பெரிய வேலை உள்ளே இருக்கும் தெர்மோகோலுடையது. அது நசுங்கும்போது தலை நிற்கும் நேரம் ஒரு துளி நீளும், மூளை உரசும் வேகம் குறையும். அதனால்தான் ஒருமுறை பலமாக அடிவாங்கிய ஹெல்மெட்டை, வெளியே கீறல் மட்டும்தானே என்று திரும்பப் போடக் கூடாது, உள்ளே நசுங்கியது நசுங்கியதுதான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போக வேண்டும் என்றால் தலைப்பாகை தலையில் இருக்க வேண்டும். ஹெல்மெட்டைப் பெட்ரோல் டேங்கில் வைத்துக்கொண்டு, ஸ்ட்ராப் போடாமல், பாலத்தடியில் போலீஸைப் பார்த்ததும் மாட்டிக்கொள்வதெல்லாம் எந்தக் கணக்கிலும் வராது.

ஸ்கேன் நார்மல் என்று வீட்டுக்கு அனுப்பினால், "தூங்க விடலாமா?" என்று கேட்பார்கள். தூங்க விடக் கூடாது என்று ஊரில் ஒரு பயம் இருக்கிறது. டாக்டர் அனுப்பிவிட்டால் தூங்கலாம், இடையிடையே எழுப்பிப் பார்க்கச் சொன்னால் எழுப்பிப் பாருங்கள், முதல் நாள் தனியாக மட்டும் விடாதீர்கள். தலைவலி கூடிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, ஒரு பக்கம் கை கால் தளர்வது, மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர், இதில் ஒன்று வந்தாலும் திரும்பக் கொண்டுவாருங்கள். கண்மணி விரிந்திருக்கிறதா என்று பார்க்கத் தெரியவில்லை என்றால் பரவாயில்லை. பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, இன்றைக்கு என்ன கிழமை, ராத்திரி என்ன சாப்பிட்டாய் என்று கேளுங்கள். பதில் குழறினாலோ எழவே இல்லை என்றாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-க்குப் போன் போடுங்கள்.